இது என்ன விதை? மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிப்பட்டம் நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸப் படங்களில் பாதி, உள்ளங்கையில் வைத்து எடுத்த விதைப் படங்கள்தான். கூடவே ஒரே வரி: "இது என்ன விதைன்னு சொல்லுங்க". விதைப் பரிமாற்றக் கூட்டங்களிலும் இதே கதைதான். பெயர் எழுதாத பொட்டலங்கள் கைமாறும், மறுவாரம் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளி வீட்டுத்தோட்டங்களில் புழங்கும் விதைகள்தான் பெரும்பாலும் இதில் வரும். மலைக் காய்கறிகளை ஓரளவுதான் தொட்டிருக்கிறேன்.

விதையைப் பார்த்தே என்ன செடின்னு சொல்லிட முடியுமா?

குடும்பத்தைச் சொல்லிவிடலாம். அவரை இனமா, கொடிக்காய் இனமா, கத்தரி இனமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குள் எந்தச் செடி என்பதைப் பல நேரம் சொல்லலாம், சில நேரம் முடியாது. எந்த ரகம் என்று மட்டும் விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சை நீளக் கத்தரியா, வேலூர் முள்ளுக்கத்தரியா என்று விதையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எதை முதல்ல பார்க்கணும்? கலரா, அளவா?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். ஒரே அவரையில் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என எல்லா நிறத்திலும் விதை உண்டு. பழசானால் நிறம் மங்கும், மழையில் நனைந்து காய்ந்தால் கறுக்கும். நம்பகமானவை நான்கு: அளவு, ஓரம், மேற்பரப்பு, தழும்பு. தழும்பு என்பது விதை காயோடு ஒட்டியிருந்த இடம். அவரை இனத்துக்கு அது கைரேகை மாதிரி. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், புடைத்திருக்கிறதா பள்ளமா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடத்து கிராஃப் தாள் ஒன்று, அதில் சின்னக் கட்டம் 1 மி.மீ. விதையை அதன் மேல் பரப்பினால் அளவு தானாகத் தெரியும். கூடவே ஒரு சின்ன லென்ஸ். பத்து விதையாவது பரப்பிப் பாருங்கள். ஒற்றை விதை சூம்பியதாகவோ உடைந்ததாகவோ இருந்தால் ஏமாற்றிவிடும்.

எனக்குப் படம் அனுப்புபவர்களுக்கும் இதுதான் வேண்டுகோள். உள்ளங்கையில் வைத்து அனுப்பினால் அளவு புரிவதில்லை. கிராஃப் தாளில் வைத்து, வெளிச்சத்தில், தழும்பு தெரியும்படி இரண்டைத் திருப்பி வைத்து எடுங்கள்.

பாட்டி டப்பாவுல இருந்த விதை எல்லாம் சாம்பல் பூசி இருக்கு, ஒண்ணும் புரியலையே?

பூச்சி விழாமல் இருக்க அடுப்புச் சாம்பலில் புரட்டி வைப்பது பழைய வழக்கம். சுரை, பரங்கி விதைகளைச் சாண வறட்டியில் பதித்துச் சுவரில் ஒட்டி வைப்பதும் உண்டு. நாலைந்து விதையை மட்டும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திவிட்டுப் பாருங்கள். மொத்தத்தையும் கழுவ வேண்டாம். சாம்பல் போனால் பாதுகாப்பும் போகும், ஈரமும் ஏறும்.

டப்பா எந்த வருடத்தது என்று வீட்டில் விசாரித்து வையுங்கள். வெங்காய விதை நம் வெயிலில் சாதாரணமாக வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். தக்காளி விதை உலர்வாக இருந்தால் மூன்று நான்கு வருடம் போகும். வெங்காயம் என்று சரியாகக் கண்டுபிடித்து, பிறகு முளைக்காமல் போவதில் பயனில்லை.

பாக்கெட்டைப் பிரிச்சா விதை ரோஸ் கலர்ல இருக்கு. இது என்ன ரகம்?

அது ரகம் இல்லை, மருந்துப் பூச்சு. திரம், கேப்டான் மாதிரியான பூஞ்சாணக்கொல்லியோடு சாயத்தையும் கலந்து பூசுகிறார்கள். ரோஸ், நீலம், பச்சை என்று எந்த நிறமும் வரும். விதையைத் தின்றுவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தச் சாயத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட விதையில் நிறத்தை அடியோடு மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள். கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.

பார்த்த உடனே சொல்லிடக்கூடிய விதை எது எது?

முருங்கைக்கு மூன்று காகிதச் சிறகு இருக்கும், குழப்பமே இல்லை. வெந்தயம் கோணலான கட்டம், நடுவே ஒரு வெட்டுப்பள்ளம். வெண்டை உருண்டை, சாம்பல் கலந்த கரும்பச்சை, 4 முதல் 5 மி.மீ. அதன் சொந்தக்காரப் புளிச்சக்கீரை விதை உருண்டையாக இருக்காது, ஒரு பக்கம் உள்வாங்கி மங்கலான பழுப்பாக இருக்கும். பாகல், அவரை இரண்டும் இந்தப் பட்டியலில்தான் வரும், அவற்றைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூணும் கலந்துடுச்சு. பிரிக்க முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். மூன்றும் தட்டையான விதைகள்தான். தக்காளி விதைமேல் மெல்லிய ரோமம் உண்டு. லென்ஸில் பார்த்தால் வெல்வெட் மாதிரி சாம்பல் பூத்த மஞ்சளாகத் தெரியும், விரலில் தேய்த்தால் சொரசொரக்கும். கத்தரிக்கு ரோமம் கிடையாது. வழவழப்பாக, பழுப்பு மஞ்சளாக, 3 மி.மீ.க்குள் இருக்கும். மிளகாய் மூன்றிலும் பெரியது, வெளிர் மஞ்சள் வட்டம், ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு. குடைமிளகாய் விதையும் அதே வடிவம்தான். காரம் இருக்கிறதா இல்லையா என்று விதையின் தோற்றத்தில் தெரியாது.

பெரிய கடைகளில் விற்கும் தக்காளி விதையில் சில சமயம் ரோமத்தை நீக்கியிருப்பார்கள். அப்போது கத்தரியோடு குழம்பும். சுண்டைக்காய், மணத்தக்காளி விதைகளும் இதே சாயல்தான், ஆனால் இன்னும் சின்னவை. மணத்தக்காளி 2 மி.மீ.கூட வராது.

கீரை விதை எல்லாமே ஒரே மாதிரி இருக்கே?

இருக்கிறதுதான், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே இனக்கூட்டம். எல்லாவற்றுக்கும் 1 மி.மீ. அளவில், பளபளவென்று, கறுப்பாக, இருபுறமும் லேசாகப் புடைத்த வட்ட விதை. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் வரும். இவற்றை விதையில் பிரிக்கப் பார்க்காதீர்கள், நேரம்தான் வீண். விதையைப் பார்த்து "இது அரைக்கீரை" என்று எழுதிக் கொடுத்தால், செடியைப் பார்க்காமல் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வேற்றாளும் உண்டு. கோழிக்கொண்டைப் பூவின் விதையும் இதே கறுப்பு, இதே பளபளப்பு. கீரை போட்டேன் பூ வந்தது என்கிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். விதை வெளிர் மஞ்சளாக, கிரீம் நிறத்தில் இருந்தால் தானியத்துக்கு வளர்க்கும் தண்டுக்கீரை இனம், வடக்கே ராஜ்கிரா என்று விற்பது.

பாலக் கேட்டா பீட்ரூட் விதையைக் கொடுத்துட்டாங்களோ?

இரண்டும் ஒரே இனம் என்பதால் விதையும் ஒன்றுபோலவே இருக்கும். தக்கை மாதிரி லேசான, மேடுபள்ளமான முடிச்சு. அந்த முடிச்சு ஒரு விதை இல்லை, உள்ளே இரண்டு மூன்று விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று போட்ட இடத்தில் மூன்று முளைப்பதற்குக் காரணம் அதுதான்.

விதையை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. ஐந்து விதையை ஒரு கப்பில் போடுங்கள். முளைத்தண்டு நல்ல சிவப்பாக வந்தால் பீட்ரூட், பச்சையாக வந்தால் பாலக். பீட்ரூட் இலையையும் கீரையாகச் சமைக்கலாம் என்பதால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

கொடிக்காய் விதைகளை எப்படிப் பிரிக்கிறது? சுரை, பூசணி, பரங்கி, பாகல், புடலை எல்லாம் ஒரே பையில இருக்கு.

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொடிக்காய் விதைகளைப் போல முகத்தில் பெயரை எழுதி வைத்திருப்பவை வேறு இல்லை. முதலில் ஓரத்தைப் பாருங்கள். சுரை விதை நீள்சதுரமாக, வெளிர் பழுப்பில், நீளவாக்கில் கோடுகளோடு இருக்கும். ஒரு முனையில் இரண்டு மூலைகளும் காது வைத்த மாதிரி துருத்தியிருக்கும். பரங்கி, அதாவது மஞ்சள் பூசணி, அகலமான முட்டை வடிவம். அதன் ஓரம் மட்டும் கொஞ்சம் கருத்து, லேசாகப் பிசிறடித்திருக்கும். கல்யாணப் பூசணி அல்லது நீர்ப்பூசணி கிரீம் நிறம், ஓரத்தைச் சுற்றித் தடித்த வரப்பு. பரங்கியையும் நீர்ப்பூசணியையும் பிரிக்க அந்த வரப்பை நகத்தால் தடவிப் பார்த்தாலே போதும்.

பாகலும் புடலையும் சித்திர வேலைப்பாடு கொண்டவை. பாகல் விதையின் இரண்டு முகத்திலும் செதுக்கிய மாதிரி மேடுபள்ளம், முனையில் சின்னப் பற்கள். புடலை அதைவிடத் தடிமன், சாம்பல் பழுப்பு, ஓரம் அலையலையாக வளைந்திருக்கும். பழுத்த காயிலிருந்து எடுக்கும்போது இரண்டிலும் விதையைச் சுற்றிச் சிவப்புச் சதை இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வெள்ளரியும் முலாம்பழமும்தான் தகராறு. வெள்ளரி மெல்லியதாக, வெள்ளையாக, இரு முனையும் கூர்ந்து 8 முதல் 10 மி.மீ. இருக்கும். முலாம்பழம் கொஞ்சம் அகலம், கொஞ்சம் மஞ்சள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் நானும் யோசிப்பேன்.

பீர்க்கங்காய்னு போட்டேன், மெழுகு பீர்க்கு வந்துடுச்சு. முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது. இரண்டும் தட்டையான கறுப்பு விதைதான். வரிகளுள்ள சாதாரணப் பீர்க்கின் விதை சொரசொரப்பாக, புள்ளிப் பள்ளங்களோடு, ஓரம் மொட்டையாக இருக்கும். நுரைபீர்க்கு என்றும் சொல்கிற மெழுகு பீர்க்கின் விதை வழவழப்பு. அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிய சிறகு மாதிரி ஒரு விளிம்பு ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த விளிம்பு நன்றாகத் தெரியும்.

தர்பூசணியும் கறுப்பாக வரலாம். ஆனால் அது பளபளக்கும், பள்ளமும் இருக்காது, சிறகும் இருக்காது.

பயறு, அவரை விதைகள்ல எனக்கு எப்பவுமே குழப்பம். ஒரு சுலபமான வழி சொல்லுங்க.

தழும்பைப் பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள். விளிம்பில் நீளமாக, புடைத்து, வெள்ளையாக ஒரு கோடு ஓடினால் அவரை. விதை கறுப்போ பழுப்போ, அந்த வெள்ளைக் கோடு மாறாது. மொச்சையிலும் அதே கோடு இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே இனம். ஆகவே அவரையா மொச்சையா என்று விதையில் பிரிக்க முடியாது. தட்டைப்பயறு, காராமணி வகையில் தழும்பு சின்னது, அதைச் சுற்றிப் பெரும்பாலும் கருவளையம் இருக்கும், கண் வைத்த மாதிரி. பீன்ஸில் தழும்பு நடுவில் சின்ன நீள்வட்டம். கொத்தவரை 5 மி.மீ. அளவில் சதுரமாக நசுங்கிய சாம்பல் விதை, அதில் தழும்பைத் தேடவே வேண்டாம்.

கறுப்பு உளுந்தும் கரும்பச்சைப் பாசிப்பயறும் கலந்துவிட்டால்? உளுந்தின் தழும்பு வெள்ளையாக மேலே எழும்பி நடுவில் குழிந்திருக்கும். பாசிப்பயறில் அது மேற்பரப்போடு மட்டமாக இருக்கும். நிறத்தில் ஏமாந்தாலும் இதில் ஏமாற மாட்டீர்கள்.

பெரிய விதைகளில் வாளவரை வகை இரண்டு. சிவப்போ இளஞ்சிவப்போ நிறத்தில், தழும்பு கிட்டத்தட்ட விதையின் முழு நீளத்துக்கும் ஓடினால் ஒன்று. வெள்ளையாக, தழும்பு பாதி நீளம்கூட இல்லாவிட்டால் மற்றொன்று. இரண்டிலும் பிஞ்சைத்தான் சமைக்கிறோம். முற்றிய விதையை அப்படியே வேகவைத்துத் தின்னும் பொருளாக நினைக்க வேண்டாம்.

சங்குப்பூ விதைன்னு கொடுத்தாங்க, பயறு மாதிரிதான் இருக்கு?

அதுவும் அவரைக் குடும்பம்தானே. 5, 6 மி.மீ. நீளம், கறுப்பிலோ கரும்பழுப்பிலோ மங்கலான புள்ளிகள், சின்னத் தழும்பு. பூ நீலமா வெள்ளையா, ஒற்றை அடுக்கா பல அடுக்கா என்பது தெரியாது. விதைத்தோல் கெட்டி என்பதால் இரவு முழுக்க ஊறவைத்துப் போடுங்கள்.

கோஸ், காலிஃபிளவர், நூக்கல், ப்ரோக்கோலி விதைகளைப் பிரிக்க முடியுமா?

முடியாது. நான்கும் ஒரே இனம், விதை கடுகு அளவில் கரும்பழுப்பு உருண்டை. கடுகோடு கலந்தால்கூட நமக்குக் கஷ்டம்தான். முள்ளங்கி மட்டும் கொஞ்சம் பெரியது, 3 மி.மீ., செம்பழுப்பு, சரியான உருண்டையாக இல்லாமல் கோணலாக இருக்கும்.

வெங்காய விதையும் கருஞ்சீரகமும் ஒண்ணா?

இல்லை. சில சமையல் புத்தகங்களில் கருஞ்சீரகத்தை வெங்காய விதை என்று எழுதுவதால் வந்த வினை இது. வெங்காய விதை ஒழுங்கற்ற கோணங்களோடு, சுருக்கங்களோடு, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கருஞ்சீரகம் மூன்று விளிம்போடு ஒரு முனை குறுகியிருக்கும். விரலில் நசுக்கினால் கருஞ்சீரகம் கமகமக்கும். ஆனால் வெங்காயத்தையும் அதன் சொந்தக்கார லீக்கையும் விதையில் பிரிக்க முடியாது.

மிளகு மாதிரி கறுப்பா உருண்டையா இருக்கு. என்னவா இருக்கும்?

நாலைந்து பேர் இந்த வேஷத்தில் வருவார்கள். மேலே நீளவாக்கில் வரிகள் இருந்து, உடைத்தால் உள்ளே வெள்ளை மாவாக இருந்தால் அந்திமந்தாரை. அதன் விதையும் கிழங்கும் வயிற்றைக் கெடுப்பவை, குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். காய்ந்த பழத்தோல் சுருங்கி ஒட்டிக்கொண்டு, ஈரக் காகிதத்தில் வைத்தால் ஊதாச் சாயம் இறங்கினால் கொடிப்பசலை. வழவழவென்று, சுத்தியல் அடித்தாலும் லேசில் உடையாத இரும்புக் குண்டு என்றால் கல்வாழை. அதன் தோலைக் கொஞ்சம் உரசிவிட்டு ஊறவைத்தால்தான் முளைக்கும்.

பப்பாளி விதை உருண்டை இல்லை, முட்டை வடிவம். காய்ந்ததும் சுருங்கிக் கரும்பழுப்பாகும். மிளகில் இதைக் கலப்பது பழைய கலப்படம். அதைக் கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் சோதனை சுலபமானது: தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். முற்றாத லேசான மிளகும் மிதக்கும் என்பதால் மிதப்பதை எடுத்து உருவத்தையும் பாருங்கள்.

துளசி விதைன்னு வாங்கினேன், சப்ஜா மாதிரி இருக்கு?

ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வெள்ளையாகத் தடித்த வழவழப்புக் கூடு வந்தால் அது சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை. நம் வீட்டுத் துளசி விதை அதைவிடச் சின்னது, கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும், வழவழப்பும் மெல்லியதாகத்தான் வரும். சாம்பலும் கறுப்புமாகப் புள்ளியிட்டு, பளபளப்பாக, நீள்வட்டமாக இருந்தால் சியா.

பூச்செடி விதைகளை அடையாளம் பார்க்க முடியுமா?

செண்டுமல்லி கறுப்பு ஊசி, ஒரு முனையில் வெளிறிய குஞ்சம். காஸ்மாஸும் ஊசிதான், ஆனால் வளைந்திருக்கும், குஞ்சம் இருக்காது. ஜினியா தட்டையான அம்புமுனை. காசித்தும்பை 3 மி.மீ. பழுப்பு உருண்டை. வாடாமல்லி பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். பத்துமணிப்பூ, பெட்டூனியா எல்லாம் தூசி அளவு, கண்ணுக்கே சரியாகத் தெரியாததை நான் என்ன சொல்வது? பாக்கெட் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான்.

கடிச்சுப் பார்த்தா ருசியில தெரிஞ்சுடாதா?

தயவுசெய்து வேண்டாம். பெயர் தெரியாத விதையை வாயில் வைக்கவே கூடாது. ஊமத்தை விதை மிளகாய் விதைபோலத் தோன்றும். இந்த ஒற்றுமை அவ்வளவு பிரபலம், நம் மருத்துவ மாணவர்கள் தடயவியல் பாடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். மிளகாய் விதை மெல்லியது, வெளிர் மஞ்சள், வழவழப்பு, நசுக்கினால் நெடி ஏறும். ஊமத்தை தடிமன், சிறுநீரக வடிவம், பழுப்பு, மேலே குழிக்குழியாக இருக்கும், நெடி கிடையாது. குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் மிளகாயின் கரு 6 என்ற எண் மாதிரி உள்நோக்கிச் சுருண்டிருக்கும், ஊமத்தையில் அது வெளிநோக்கி வளையும்.

பழைய டப்பாக்களில் வரக்கூடிய மற்ற விஷ விதைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி. பொட்டே இல்லாமல் முழுச் சிவப்பாக இருந்தால் அது ஆனைக்குன்றிமணி என்ற மரத்தினுடையது. பளபளவென்று புள்ளிகளோடு, முனையில் ஒரு சின்னக் குமிழ் வைத்த ஆமணக்கு. செம்மஞ்சள் உருண்டையாக செங்காந்தள், நம் மாநிலப் பூ. திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் மருந்துக்காக இதன் விதையைப் பயிர் செய்கிறார்கள், ஆனால் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின் என்ற நஞ்சு உயிரை எடுக்கும். கறுத்துப் பளபளக்கும் சீதாப்பழ விதையைப் பொடித்துத் தலையில் தேய்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

கூகுள் லென்ஸ்ல போட்டா வருமே?

பூவையும் இலையையும் காட்டினால் நன்றாகச் சொல்கிறது. விதையைக் காட்டினால் சுமாருக்கும் கீழே. அளவு தெரியாத படத்தில் கடுகும் கல்வாழையும் ஒன்றுதான். பாகல், ஆமணக்கு மாதிரித் தனித்த உருவங்களைப் பிடித்துவிடும், கறுப்பு உருண்டை என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். விஷ விதையா இல்லையா என்பதை மட்டும் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

விதையில தெரியலைன்னா என்ன பண்றது?

கொஞ்சம் முளைக்க வையுங்கள். மொத்தத்தையும் போட வேண்டாம், பத்து இருந்தால் நாலு போதும். முளைத்த செடி சீக்கிரமே வாய் திறந்துவிடும். வித்திலை, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இலை, நடுவில் பிளந்து இதயம் மாதிரி இருந்தால் கோஸ், முள்ளங்கி, கடுகுக் கூட்டம். பச்சை ஊசி ஒன்று மடங்கிக்கொண்டு மண்ணைவிட்டு எழுந்தால் வெங்காயம். தடித்த பெரிய இரண்டு வித்திலைகள் என்றால் கொடிக்காய்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க் குழப்பம் முதல் நிஜ இலையில் தீர்ந்துவிடும். தக்காளி இலை வெட்டுப்பட்டிருக்கும், கசக்கினால் அதற்கே உரிய வாசனை வரும். கத்தரி அகலமாக, ரோமத்தோடு சொரசொரப்பாக இருக்கும். மிளகாய் இலை வழவழப்பாகக் கூர்ந்திருக்கும். ஊமத்தையோ என்ற சந்தேகம் இருந்த விதை என்றால் அந்தக் கப்பைத் தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கீரைகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

இது நாட்டு விதையா ஹைபிரிட்டான்னு பார்த்துச் சொல்லுங்களேன்?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான், ரகம் விதையில் தெரியாது. பாக்கெட்டோடு வந்திருந்தால் பாக்கெட்டைப் படியுங்கள். எஃப் 1 என்றோ ஹைபிரிட் என்றோ போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரியே வராது. பாக்கெட்டோடு வரும் அட்டையின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு: ரகத்தை உருவாக்கியவர்கள் தரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள், அதிலிருந்து பெருக்கும் ஆதார விதைக்கு வெள்ளை, சான்றளிப்பு பெற்ற சான்று விதைக்கு நீலம், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. இவை 1966 விதைச் சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடுகள். சான்று விதையின் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அட்டையில் பரிசோதித்த தேதியையும் பாருங்கள்.

கைமாறி வந்த பொட்டலம் என்றால் கொடுத்தவரிடம் கேளுங்கள்: எத்தனை வருடமாக விதை எடுக்கிறீர்கள், செடி ஒரே மாதிரி வருகிறதா? இந்த இரண்டு கேள்விக்குக் கிடைக்கும் பதில், லென்ஸைவிட அதிகம் சொல்லும்.

பக்கத்துல வேற ரகம் இருந்துச்சு, விதை கலந்திருக்குமோ? விதையைப் பார்த்தா தெரியுமா?

தெரியாது. விதைத்தோல் தாய்ச்செடியின் உடம்பில் ஒரு பகுதி. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் தோல் தாயைப் போலத்தான் இருக்கும். கலப்பு உள்ளே கருவில் நடந்திருக்கும், அடுத்த தலைமுறைச் செடியில்தான் வெளிவரும். அதனால்தான் போன வருடக் காயில் எடுத்த விதை அச்சு அசலாக இருந்தும் இந்த வருடம் காய் வேறு மாதிரி வருகிறது. சுரைக்கும் பரங்கிக்கும் கலப்பு நடக்காது, அந்தப் பயம் வேண்டாம். சுரைக்கும் சுரைக்கும் தாராளமாக நடக்கும். கசப்புச் சுரையின் மகரந்தம் விழுந்த விதையிலிருந்து வரும் காய் கசந்தால் "கொஞ்சம்தானே" என்று சாப்பிட வேண்டாம். அந்தக் கசப்பு விஷம், ஜூஸாகக் குடித்து இறந்தவர்கள் உண்டு. கொடியைப் பிடுங்கிவிட்டு மீதி விதையையும் தூக்கிப் போடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு மக்காச்சோளம். அங்கே நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பங்கு தோலுடையது இல்லை, உள்ளிருக்கும் மாவுப்பகுதியுடையது. அதில் தந்தைக்கும் பங்கு உண்டு. ஆகவே மஞ்சள் சோளக் கதிரில் நடுநடுவே கருநீல மணிகள் இருந்தால், கலப்பு இந்தப் பருவத்திலேயே நடந்திருக்கிறது. விதைக்கு எடுக்கும்போது அந்த மணிகளை மட்டும் ஒதுக்கினால் போதாது, மஞ்சளாகத் தெரிகிறவற்றிலும் பக்கத்து வீட்டு மஞ்சள் சோளத்தின் மகரந்தம் இருக்கலாம்.